அடையாற்று மனையில் ஏழு கற்கள்

ஏழு கற்களில் ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு அடங்கியது. ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை, இரு பக்கமும் செதுக்கிய தடம். அடையாறில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் மனை அது. மழையில் சரிந்த மண்ணை அள்ளும்போது மூலையில் ஒன்றாகக் கிடந்தன என்று சைட் இன்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னார். நான் அப்போது நாளிதழ் நிருபர். மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தொல்லியல் பேராசிரியர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் ஒரு கல்லைக் கையில் பொருத்திப் பார்த்தார்.

"கற்கால மனுஷனோட கைக்கோடரி. சந்தேகமே இல்லை. ஒண்ணு கிடைச்சா தற்செயல். ஏழு சேர்ந்து கிடக்கறதுன்னா, வேட்டைக்குப் போனவன் திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு வெச்சுட்டுப் போயிருக்கான். ஊருக்கு நடுவுல! நினைச்சுப் பாருங்கோ."

நினைத்துப் பார்த்தேன். முதல் பக்கம். மூன்று வாரத்துக்கு முன்புதான் என் செய்தி ஒன்றுக்குத் திருத்தம் போட நேர்ந்தது. இன்னொன்று வந்தால் செய்தி சேகரிக்க வெளியே அனுப்ப மாட்டேன் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இருந்தும் அங்கேயே நின்று கைபேசியில் அடித்து, ஐந்தரைக்கு அனுப்பினேன். ஆறரைக்குப் பக்கம் அச்சுக்குப் போகும்.

பேராசிரியர் கற்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். சித்தாள் ஒருத்தி சிமென்ட் சட்டியோடு வந்து நின்றாள்.

"யோவ் பெருசு, என் கல்லை எங்க எடுத்துக்கினு போற?"

"உன் கல்லா?"

"பின்ன, உன் மாமனார் கல்லா? சட்டி சுரண்ட வெச்சிருந்தேன்." ஒன்றைப் பிடுங்கி, சட்டியில் காய்ந்திருந்த சிமென்ட்டை இரண்டே இழுப்பில் பெயர்த்துக் காட்டினாள்.

"எங்கேம்மா எடுத்தே?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"சவுடுலதான். சலிக்க சொல்லோ நல்லதா பாத்து மூலைல போட்டேன். மழைல மண்ணு மூடிக்கிச்சு."

மனையை உயர்த்த வெளியூர் ஏரிகளில் தோண்டி லாரியில் வரும் மண் சவுடு. சென்னையில் வீடு கட்டும் எல்லோரும் கொட்டுவது. என் வீட்டுக்கும் கொட்டியிருக்கிறோம். இன்ஜினியரைப் பார்த்தேன்.

"நீங்க கேக்கலையே சார்," என்றார்.

மணி ஆறு பத்து. அலுவலகத்தை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மூன்றாம் முறை உதவி ஆசிரியர் எடுத்தார்.

"தலைப்புகூட வெச்சாச்சு. பிரமாதம்!"

"எடுத்துடுங்க."

"பொய்யா?"

"கல்லு நிஜம். மண்ணு லாரில வந்தது."

"நாலு காலம் இடம் காலியாகுதுய்யா! நான் எதைப் போட்டு ரொப்புவேன்?"

"எதையாவது போடுங்க."

"பக்கம் போயிடுச்சான்னு பாக்கறேன். இரு."

இருந்தேன். ஆறு இருபத்தாறுக்குத் திரும்பி வந்தார். "நிறுத்திட்டேன். நாளைக்கு வந்து ஆசிரியரைப் பாரு."

அந்தப் பக்கம் பேராசிரியர் விடவில்லை. "எந்த லாரிம்மா? எந்த ஊர் மண்?"

"பத்து வண்டி வந்துது. எனுக்கு இன்னா தெரியும்?" அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். "ஆறு எடுத்துக்கோ. இத்த தர மாட்டேன், நல்லா சுரண்டுது."

அவர் வாதாடவில்லை. இன்ஜினியரிடம் லாரிக்காரர்களின் எண்களைக் கேட்டு, ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினார். மூன்று பேர் மூன்று ஏரியின் பெயரைச் சொன்னார்கள். மூன்றையும் எழுதிக்கொண்டார்.