உதட்டால் காட்டுபவள்

கெர்லின் போனது ஒரு சனிக்கிழமை. தலை நிறைய இளஞ்சிவப்பு ரோலர்களோடு போனாள். மிலாடிஸ் இன்றும் காலையில் தன் முடியலங்காரக் கடையைத் திறந்ததும், முடி சுற்றும் அந்த ரோலர்களை நிறம் பிரித்துக் கூடைகளில் போடுகிறாள். பச்சையும் மஞ்சளும் கூடை வழியக் கிடக்கின்றன. இளஞ்சிவப்புக் கூடையில் மட்டும் அடி தெரிகிறது. சான் பெட்ரோ சந்தையில் அந்த ரோலர் கொட்டிக் கிடக்கிறது, கை நீட்டினால் கிடைக்கும். அவள் வாங்கவில்லை.

மிலாடிஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அகலமான தோள். சூட்டுக்காற்றில் நின்று நின்று முன்கையில் ஒரு ரோமம்கூட மிச்சமில்லை. கைகள் எந்நேரமும் யாராவது ஒருத்தியின் தலைக்குள் இருப்பதால், எதைக் காட்டவேண்டுமானாலும் உதட்டைக் குவித்துத்தான் காட்டுவாள். சீப்பு எங்கே என்றால் உதடு அலமாரிப் பக்கம் நீளும். டொமினிக்கன் நாடும் ஹைட்டியும் பங்குபோட்டுக்கொண்ட அந்தக் கரீபியத் தீவில் எல்லோருமே உதட்டால் காட்டுகிறவர்கள்தான். ஆனால் மிலாடிஸின் உதடு குறி தவறாது. தெருவில் நாலு பேர் சேர்ந்து போனால், அதில் புருஷனை விட்டுவந்தவள் எவள், புருஷன் விட்டுப்போனவள் எவள் என்பதை மூச்சு விடாமல் காட்டிவிடுவாள். விஷயம் வெளியே போய்ச் சண்டையாகித் திரும்பி வந்தால் ஒரே பதில்தான். "நான் ஒண்ணும் சொல்லலையே. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துச்சா?"

அவள் கணக்கில் உலகத்தில் இரண்டு விதமான முடிதான். நேராக விழுவது நல்ல முடி. சுருண்டு நிற்பது கெட்ட முடி. கெட்டதை நல்லதாக்குவது அவள் தொழில். கழுவி, ரோலர் சுற்றி, உலர்த்தும் கூண்டுக்குள் உட்காரவைத்து, பிறகு உருண்டை பிரஷ்ஷைக் கொடுத்து வேரிலிருந்து இழுப்பாள். நெற்றி சுட்டுவிடும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "அழு கண்ணு, அழு. நல்ல முடி சும்மா வந்துடுமா?" வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தலையைத்தான் பார்க்கிறார்கள். மாமியார் ஆகப்போகிறவளும் அப்படித்தான். அதனால் வெள்ளியும் சனியும் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. மழை வரும்போலிருந்தால் போதும், தெருப்பெண்கள் எல்லோரும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு தூறல் பட்டாலும் அவள் செய்த வேலை அத்தனையும் திரும்பச் சுருண்டுவிடும்.

பிறந்த குழந்தைகளையும் அவளிடம் கொண்டுவருவார்கள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டுக் குழந்தையின் காதை மெதுவாக மடக்கிப் பின்னால் பார்ப்பாள். முகத்தின் நிறத்தை நம்பக் கூடாதாம், அது மாறிவிடுமாம். வளர்ந்தபின் வரப்போகும் நிறம் காதுக்குப் பின்னால்தான் இருக்கிறதாம். "இது தேறிடும்" என்றால் தாய்க்கு முகம் மலரும். தேறாது என்றால் வாயால் சொல்லமாட்டாள். மூக்குத்தண்டை இரண்டு விரலால் மெல்ல நீவிவிட்டு, "தினமும் இப்படிப் பிடிச்சு விடு, அதுவாவது எடுப்பா வரட்டும்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் நிறத்தைக் கேட்டால் இலவங்கப்பட்டை நிறம் என்பாள். கோபமாக இருந்தால் வெயிலில் கறுத்த மாநிறம். அடையாள அட்டையில் நிறத்தையும் எழுதிய காலத்து அட்டை ஒன்று அவளிடம் இருக்கிறது. அதிலும் 'கரு மாநிறம்' என்றுதான் போட்டிருக்கிறது. கறுப்பு என்று யாருக்கும் போடுவதில்லை. அப்பா வழியில் ஒரு ஸ்பெயின்காரர் இருந்தாராம். பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் கண் பச்சை என்பது மட்டும் நிச்சயம். "கறுப்புன்னா ஹைட்டிக்காரங்க. அவங்க எல்லைக்கு அந்தப் பக்கம். நாங்க டொமினிக்கன்." செத்துப்போன புருஷன் அவளை "என் கறுப்பி" என்றுதான் கூப்பிடுவார். அது செல்லம். அதே சொல்லை வெளி ஆள் சொன்னால் முகத்தில் சோப்புத் தண்ணீர் விழும். பொழுதெல்லாம் கண்ணாடியின் முன்னால் நிற்கிறாள். கண்ணாடியில் அவள் பார்ப்பது முன்னால் உட்கார்ந்திருப்பவளை மட்டும்தான்.

கெர்லின் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. வருஷக்கணக்காக அந்தக் கடையில் தலை கழுவிக்கொண்டிருந்தாள். மிலாடிஸை 'டோன்யா', அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். இந்தப் பக்கம் தங்குவதற்குக் கையில் ஒரு காகிதம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அவள்தான் தேன் நிறம், மிலாடிஸைவிடப் பல மடங்கு வெளுப்பு. வாடிக்கைக்காரிகளுக்கு இது போதாதா? "இதுல யாரு முதலாளி, யாரு ஹைட்டிக்காரி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு போர்டு மாட்டி வையேன், மிலாடிஸ்" என்பார்கள். கடையே சிரிக்கும். கெர்லின் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். மிலாடிஸ் கடைசியாகச் சிரித்து, முதலில் நிறுத்திவிடுவாள். பிறகு அன்று பூராவும் கெர்லினுக்கு நுரை அதிகம், தண்ணீர் சூடு, துண்டு ஈரம் என்று ஏதாவது ஒரு குற்றம் இருக்கும்.

ஆனால் மதியச் சாப்பாடு ஒரே சட்டியிலிருந்துதான். பீன்ஸ் போட்ட சோறு, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு. பெரிய துண்டு கெர்லினுக்கு. "ஹைட்டிக்காரிதான், ஆனா கை சுத்தம். என் தலையில இவ கை மட்டும்தான் படும்" என்பாள். அது உண்மை. சனிக்கிழமை கடைசி வாடிக்கைக்காரி போனதும் கதவைப் பாதி இழுத்துவிட்டு, ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். கெர்லின் ஒரு குட்டை முக்காலியில் உட்காருவாள். முதலில் அவள் தலைக்கு ரோலர் ஏறும். அப்புறம் அவள் எழுந்து மிலாடிஸின் தலையைக் கழுவி, ஆமணக்கெண்ணெயை விரல் நுனியால் தொட்டுத்தொட்டு வேரில் வைப்பாள். கழுவிய ஈரத்தில் மிலாடிஸின் முடி எப்படி எழுந்து நிற்கும் என்பது அந்தத் தெருவில் கெர்லின் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மிலாடிஸின் தலையைக் கழுவி முடித்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. உலர்த்தி நின்றுவிட்டது, மின்விசிறியும் நின்றுவிட்டது. உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதிர் மூலைக்கடை எலிஹியோவிடம் ஐஸ் கேட்கலாம் என்று, பழைய வீட்டு அங்கியோடும் ஈரத் தலையோடும் மிலாடிஸ் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தாள்.

குடியேற்றத் துறையின் கம்பி அடித்த லாரி தெருமுனையில் திரும்பியதை அவள் பார்க்கத்தான் செய்தாள். அது வாரா வாரம் வரும். காகிதம் இல்லாத ஹைட்டிக்காரர்களை, கரும்புக்காட்டு ஆட்களையும் பழம் விற்கிறவர்களையும், அள்ளிக்கொண்டு எல்லைக்குப் போகும். அது தனக்கு வந்த வண்டி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சீருடைக்காரன் ஒருவன் முழங்கைக்கு மேல் பிடித்தபோது, எலிஹியோ ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இரண்டாமவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். சிரித்த வாய் மூடுவதற்குள் லாரிக்குள் இருந்தாள்.

"டேய், நான் டொமினிக்கன்டா. இது என் கடை."

"இங்கேயே பிறந்து வளர்ந்த ஹைட்டிக்காரிங்களும் இப்படித்தான் பேசுறாளுங்க," என்றான் அவன். குரலில் கோபம்கூட இல்லை. அவன் கண் அவள் தலைமுடியிலேயே நின்றது.

சத்தம் கேட்டு கெர்லின் வெளியே வந்தாள். தேன் நிற முகம், தலையில் ஒழுங்காகச் சுற்றிய ரோலர்கள். ரோலர் போட்டவளை அந்த ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. சீருடைக்காரன் தொப்பியைச் சற்றுத் தூக்கினான். "மேடம், இது உங்க கடையில வேலை செய்யற பொம்பளையா?"

வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பது கெர்லினுக்குத் தெரியும். பின்கதவு இருந்தது. அதற்கப்பால் சந்து இருந்தது. அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். மிலாடிஸைக் காட்டி, கடையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரப் பெட்டியில்தான் மிலாடிஸின் அடையாள அட்டை இருக்கும். அது கெர்லினுக்குத் தெரியும், மிலாடிஸுக்கும் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும்.

லாரிக்குள் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பழக்கூடை வைத்திருந்த ஒரு பெண் மிலாடிஸை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் எந்தச் சந்தேகமும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, ஈரத் தலைக்குத் தன் துண்டை நீட்டி, அவர்கள் மொழியில், "இப்படி உட்காருக்கா" என்றாள். அந்த மொழியில் மிலாடிஸுக்குப் புரிகிற சொற்கள் கொஞ்சம்தான். 'அக்கா' அதில் ஒன்று.

பிடித்து இழுத்ததைத் தாங்கினாள், லாரியில் தூக்கிப் போட்டதையும் தாங்கினாள். அந்த 'அக்கா'வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருந்தன. சீருடைக்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மிலாடிஸின் உதடு குவிந்தது, கடைவாசல் பக்கம் நீண்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். சரியாக அந்த நேரத்தில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, கையில் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி கெர்லின் வந்தாள்.

அட்டையை வாங்கிப் பார்த்தான். மிலாடிஸைப் பார்த்தான். பிறகு கெர்லினிடம், "சரி மேடம், உங்க அட்டையையும் காட்டுங்க" என்றான்.

மிலாடிஸ் இறங்கின படியிலேயே கெர்லின் ஏறினாள். பழக்காரி கூடையை மறுபடி நகர்த்தி இடம் கொடுத்தாள். லாரி போனதும் தெரு அப்படியே நின்றது. எலிஹியோ ஐஸ் கட்டியை ஏந்தியபடி தன் கடை வாசலில் நின்றிருந்தான், கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் கேட்காமலே, "நான் எதையும் பார்க்கல, மிலாடிஸ்" என்றான்.

அன்றிலிருந்து அவள் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டி ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறாள். "என்னை! என்னைப் போய் ஏத்திட்டானுங்க! கண்ணு இருக்கா இவனுங்களுக்கு?" கேட்பவர்கள் மார்பில் கைவைத்து அதிர்ந்துபோவார்கள். உன்னைப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் ஹைட்டிக்காரி மாதிரி இருக்கிறது என்பார்கள். சொல்லும்போதே அவர்கள் கண் அவள் தலைக்குப் போய்வருவதை மிலாடிஸ் கண்ணாடியில் பார்த்துவிடுவாள். கதை எப்போதும் லாரியில் ஏற்றியதோடு நின்றுவிடும். எப்படி இறங்கினாய் என்று கேட்டால், "அட்டை வந்துச்சு, இறங்கினேன்" என்பாள். யார் கொண்டுவந்தது என்று இதுவரை எவளும் கேட்கவில்லை.

இப்போது தலை கழுவுவதும் அவளேதான். வேறு ஆள் வைக்கவில்லை. தன் முடியை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கைக்கெட்டிய வரை நேராக்கி வலைக்குள் அடக்கிக்கொள்கிறாள். பின்னந்தலைக்குக் கை எட்டுவதில்லை. சில சமயம் வேலை நடுவே பிரஷ் நின்றுவிடும். திரைச்சீலையைப் பார்ப்பாள். கெர்லின் அதை விலக்கினது முன்னாலா, உதடு திரும்பினது முன்னாலா? அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? இதைக் கேட்டால் சொல்லக் கூடியவன் எலிஹியோ ஒருத்தன்தான். அவன் எதையும் பார்க்கவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், தெருவெல்லாம் பீன்ஸ் பாயசம் கொதிக்கிற மணம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அவள் ஃபோனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத எண். தொட்டியில் ஊருக்குப் புதிதாய் வந்த ஒரு டீச்சரின் தலை, மிலாடிஸின் கை முழுக்க நுரை. ஏதோ வாடிக்கைக்காரிதான் நேரம் கேட்கிறாள் என்று முழங்கை முனையால் தட்டிவிட்டாள். கடை முழுக்கக் கேட்டது அந்தக் குரல்.

"டோன்யா, நான்தான், கெர்லின். நல்லா இருக்கேன். எல்லைக்குப் பக்கத்துலயே, சந்தையில தலை பின்னி விடுறேன். இது வேற ஒருத்தியோட ஃபோன். உங்க ரோலரெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் லாரியில உருண்டு போயிருச்சு. அன்னிக்கு உங்க தலைக்கு எண்ணெய் வைக்காமலே வந்துட்டேன், டோன்யா. அது என் மனசுலயே கிடக்கு. அந்த முடி எண்ணெய் இல்லாம தாங்காதே. இப்ப யாரு வெச்சு விடுறாங்க?"

தொட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் கண்ணைத் திறக்காமல், "யாருங்க அது?" என்று கேட்டாள்.

மிலாடிஸின் கைகள் இரண்டும் நுரைக்குள் இருந்தன. உதடு தானாகக் குவிந்து, மூலையில் கிடந்த குட்டை முக்காலியின் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றது. அவள் டீச்சரின் தலையிலிருந்து ஒரு கையை உருவி, நுரையோடு தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.