எதிரே வந்த அப்பா

பால் கறப்பதற்கு முன்னால் பால்காரர் சொம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. என் அப்பாவுக்கு அது போதாது. கவிழ்த்த சொம்புக்குள் கையை விட்டுத் துழாவிய பிறகுதான் மாட்டிடம் போக விடுவார். பஸ் ஏறுவதென்றால் எங்களைக் கீழேயே நிறுத்திவிட்டு முன்பக்கம் போய் டிரைவரின் கண்ணைப் பார்த்துவிட்டு வருவார். "தூக்கக் கலக்கம் இல்ல. ஏறுங்க" என்ற பிறகுதான் ஏறலாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை முதலில் அவர் ஒரு வாய் குடிப்பார். காய்ச்சல் இல்லாத மனிதர் அதைக் குடித்து என்ன கண்டுபிடித்தாரோ, இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அவருடைய வேலை அப்படி. திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை பார்க்கிறவர். கிராமங்களிலிருந்து வரும் வேர்க்கடலைப் பருப்பு மூட்டைகளுக்குள் குத்தூசியைச் செருகி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, ஈரமா, சொத்தையா என்று சொல்ல வேண்டும். "மேலாப்புல எல்லாரும் நல்லதாத்தான் வெச்சிருப்பாங்க" என்பார். குத்தூசியை மண்டியில் வைத்துவிட்டு வருவார். அந்தப் பார்வையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கியபோது அது என் தலையில் விடிந்தது. எழுபதுகளின் கடைசி அது. முதலில் வந்த இடத்தை, மாப்பிள்ளையின் தகப்பனார் ஜாஸ்தியாகச் சிரிக்கிறார் என்று தட்டிக் கழித்தார். அடுத்த இடத்தில் யாருமே சிரிக்கவில்லையாம். அதுவும் போயிற்று. எனக்கு இருபத்து நாலு முடிந்தது. மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு ஜாதகமும் போட்டோவும் வந்தன. போட்டோவில் இருந்தவரை எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை என் ரவிக்கைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பொருத்தம் எல்லாம் சரி. ஆனால் பெண் பார்க்க வரச் சொல்லி அப்பா பதில் போடவில்லை. "பாக்கலாம்" என்றே இரண்டு மாதம் ஓட்டினார். இந்த இடத்தையும் கெடுத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவர் மேல் வெறுப்பே வந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா அந்தச் செய்தியோடு அம்மாவிடம் வந்தார்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பௌர்ணமிக்கு மலை சுத்தப் போனேன். உங்க வூட்டுக்காரரு எதிர்ல வந்தாரு."

"எதிர்லன்னா?"

"நாங்க போறோம், அவரு வராரு. அதுக்கு முந்தின பௌர்ணமியும் அப்படித்தான் வந்தாராம். எங்க நாத்தனார் பாத்திருக்கா."

எங்கள் ஊரில் மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். எதிர்ச்சுற்று என்பது இழவு வீட்டில் செய்வது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்று சூனியம், இல்லாவிட்டால் மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைக் கிராமத்தில் யாரோ ஒருத்தி. இரண்டில் எது தேவலாம் என்று பல நாள் யோசித்தாள். அப்பா கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை நாங்கள் சந்தேகப்பட்டோம். வசமாக மாட்டட்டும் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அடுத்த பௌர்ணமியன்று மத்தியானமே மண்டியிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார். எதிரே வருகிறவரைப் பிடிப்பது சுலபம், நாம் முறையாகச் சுற்றினால் போதும். அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு செங்கம் ரோடு வழியாக நடந்தேன். மலையின் பின்பக்கம் திரும்பி, வெயில் சாயும் நேரத்தில் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தோம்.

புளிய மரத்தடியில் ஒரு கல்லின் மேல் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் குனிந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, "பாத்துடா, ஆழமா குத்திடாத" என்று நீட்டினார். குனிந்திருந்தவர் நிமிர்ந்து அதை வாங்கினார். போட்டோவில் இருந்த அதே முகம்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்ததுபோலப் பார்வையை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைத் திறக்கப் போன அக்காவின் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு நான் நிற்காமல் நடந்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னாலேயே கேட்டேன். "எதுக்குப்பா எதிர்ல போறீங்க?"

"பின்னாடி போனா முதுகுதான் தெரியும். எதிர்ல போனாத்தான் மூஞ்சி தெரியும். அம்மாவும் புள்ளையும் பௌர்ணமி தவறாம வராங்கன்னு தரகரு சொன்னாரு. ரெண்டு தடவை சும்மா பாத்துட்டு வந்தேன். அது பத்தல."

"அதுக்கு?"

"முள்ள நானேதான் குத்திக்கிட்டேன்" என்று பாதத்தைத் தடவினார். "எத்தினியோ பேரு அடடான்னுட்டுப் போனாங்க. இவன் உக்காந்துட்டான். முனை ஒடைஞ்சிடப் போவுதுன்னு பதனமா எடுத்தான். உனக்கு ஒண்ணுன்னா இவன் பாத்துக்குவாம்மா."

அம்மா அழுதாள். சந்தேகப்பட்டதற்காகவா, சூனியம் இல்லை என்ற நிம்மதியிலா, தெரியாது. நான் வெட்கத்தில் அழுதேன்.

அடுத்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். அப்பா நொண்டிக்கொண்டே வரவேற்றார். மாப்பிள்ளையும் அவரும் முதல் தடவை சந்திக்கிறவர்களைப் போலக் கும்பிட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அப்பாவின் காலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். அவரை எதிர்ச்சுற்றாகச் சுற்றி வந்துதான் வாய்க்கரிசி போட்டேன். காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பும் பஸ்ஸில், இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நடக்கிறப்ப குத்துற முள்ளு சாஞ்சு ஏறும். அது ஆணி அடிச்ச மாதிரி நேரா இறங்கியிருந்துச்சு. அவரே வெச்சிக்கிட்டதுன்னு அப்பவே தோணிச்சு."

"பொய்யின்னு தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

"தானே குத்திக்கிட்டாலும் வலிக்கும் இல்ல" என்றார்.