பழைய பெட்டி இரண்டு, புதியது ஒன்று

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து எட்டாவது மாதம், கனடாவிலிருந்து ஒரு புதிய வைஃபை பெட்டி வந்து சேர்ந்தது. என் கணவரின் அண்ணன், ஊருக்கு லீவில் வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் "அப்பா ரூமுக்கு" என்று எழுதியிருந்தார்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில், ரோட்டுக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. தேயிலை ஃபெக்டரியில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்த மாமா, ஓய்வுக்குப் பிறகு கட்டியது. நிலம் இறங்கிய இறக்கத்துக்கு வீடும் மூன்று தட்டாக இறங்கும். மேலே முன் ஹால், பத்துப் படி கீழே சமைக்கும் குசினி, இன்னும் பத்துப் படி கீழே மாமாவின் அறை. குளியலறை அங்கேதான் இருந்ததால் அவரை அங்கே படுக்க வைத்தோம். தட்டுக்குத் தட்டு கருங்கல் சுவர். குளிருக்கு நல்லது, வைஃபைக்கு ஆகாது.

என் கணவருக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் வருவார். நான் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ரீச்சராக இருந்தேன். மாமா விழுந்த அன்று, "ஒரு மாசம் லீவு போடு, அதுக்குள்ள ஒரு வழி பண்ணிரலாம்" என்றார் கணவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்கு வேறு வேலையும் இல்லை என்று, யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

மாமாவின் அறையில் ஒரு கேமரா இருந்தது. அதில் படமும் போகும், பேச்சும் வரும். மச்சானுக்குச் சரக்கு அடுக்கும் ஒரு கோடவுனில் இரவு வேலை. அவருடைய இரவு எங்களுக்குப் பகல். வேலை மேசையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பகல் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்குச் சோறு ஊட்டும்போது சுவரிலிருந்து குரல் வரும்: "கொஞ்சம் மெதுவாம்மா, அப்பாவுக்குப் பொரையேறும்." துணி காயப்போட்டுவிட்டு வந்தால், "இருவது நிமிசமா காணமே, எங்கம்மா போன?" கோபமாகக் கேட்க மாட்டார். அதனால்தான் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொரோனா காலத்தில் அவர் அனுப்பிய பழைய பெட்டிகள் இரண்டு வீட்டில் இருந்தன. ஒன்று ஹாலில், ஒன்று குசினியில். கீழறைக்கு வரும்போது சிக்னல் நூலாக இளைத்துப்போகும். மாமா கை தூக்கியபடியே படம் உறைந்து நிற்குமாம். அதற்காகத்தான் இந்தப் புதிய பெட்டி.

வீடியோ கோலில் மச்சான் சொல்லச் சொல்ல நான் பெட்டியைப் பொருத்தினேன்.

"புதுச ஹால்ல வையி. அதுதான் தலை. ஹால்ல இருந்த பழச அப்பா ரூமுக்குக் கொண்டுபோ. பழசு ரெண்டையும் புதுசுக்குக் கீழ சேர்த்துரு. ஒரே கம்பனிதானே, சேரும்."

லேசில் சேரவில்லை. பழைய பெட்டிகளை அழித்து, அப்டேட் செய்து, மறுபடி சேர்க்க இரண்டு பின்னேரங்கள் போயின. அவை சேர்ந்த பிறகு கேமரா வர மறுத்தது. புதிய பெட்டி புது மாதிரிப் பாதுகாப்புக் கேட்டது. கேமராவுக்கு அது தெரியாது. செட்டிங்கில் தேடி, பழைய மாதிரியையும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினேன். கேமரா வந்தது. ஆனால் படம் முன்பு போலவே விக்கி விக்கித்தான் ஓடியது.

"புதுசு வாங்கி என்ன பிரயோசனம்?" என்றார் மச்சான், களைத்த குரலில்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் போனில் தேடிப் படித்தேன். விஷயம் எளிதுதான். புதியது எவ்வளவு வேகமாக அனுப்பினாலும், குசினியில் இருக்கும் பழையது தன்னால் முடிந்ததைத்தான் வாங்கும். அதிலும் பாதியை இழந்துதான் கீழே கொடுக்கும். நடுவில் கல்லுச் சுவர் வேறு. பெட்டிகளை வயரால் இணைத்துவிட்டால் காற்றில் போக வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவை மாமாவுடன் இருக்கச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் முப்பது மீட்டர் கேபிள் வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை, வரும்போது இரண்டு தடவை மச்சானின் கோல். மறுநாள் காலையில் ஏணி போட்டு ஆணியடித்தேன். ஹாலிலிருந்து படியோரமாக, பின்பக்க ஜன்னல் வழியாகக் குசினிக்கு; கேபிள் எட்டுவதற்காகக் குசினிப் பெட்டியை அந்த ஜன்னலிலேயே வைத்தேன். அங்கிருந்து கீழறைப் பெட்டிக்கு. மாமா கட்டிலில் சாய்ந்து நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வயரைச் செருகியதும் எல்லா லைட்டும் பச்சையானது.

"அப்பாவோட தாடி முடி கூடத் தெரியுதும்மா!" மச்சானுக்குக் குரல் உடைந்துவிட்டது.

எனக்கும் சந்தோசம்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துவைப்பது என்று மறுநாளும் அப்படியே வந்து நிற்கும் வேலைகளுக்கு நடுவில், எட்டு மாதத்தில் நான் செய்து முடித்த ஒரே வேலை அது.

குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கும் ஒரு சின்ன இடம் இருந்தது. மூன்று பக்கமும் கல், மேலே தகரம். மாமா காலையில் கண்ணயரும் நேரத்தில் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவேன். அங்கே வைஃபையும் வராது, போன் சிக்னலும் வராது. பத்து நிமிடம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. மச்சான் கேட்டால் "விறகு எடுக்கப் போனேன்" என்பேன்.

கேபிள் இழுத்த மறுநாள் அங்கே உட்கார்ந்து முதல் மிடறு குடிக்கும்போது மடியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். வைஃபை சிக்னல் முழுசாக இருந்தது.

"அப்பா இருமுறாரும்மா. எங்க இருக்க?"

"இங்கதான் மச்சான். இந்தா வந்துட்டேன்."

டீயை அங்கேயே வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடத்தை, ஏணியில் ஏறி நின்று, என் கையாலேயே அடைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். மாமா தூங்கியதும் குசினிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன். அது நின்றால் கீழறையும் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் செருகுவேன். "பழசுதானே மச்சான், சூடானா நின்னு போவுது" என்பேன். நாலைந்து நாள் போனது. மச்சான் சொன்னார்: "பழசக் கட்டிக்கிட்டு இனி அழ வேணாம்மா. இன்னும் ரெண்டு புதுசு அனுப்புறேன்."

அந்த வாரமே ஒரு காலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே முகில் இறங்கி எதிர் மலையே தெரியவில்லை. கீழே திடுமென்று ஏதோ விழுந்த சத்தம். கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மாமா கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாக உட்கார்ந்த நிலையில் சரிந்து கிடந்தார். அடி இல்லை, ரத்தமும் இல்லை. இடது கையில் தன் துவாயைச் சுருட்டிப் பிடித்திருந்தார். நிமிர்ந்து எதையோ பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தலைக்கு மேலே கேமரா.

"என்னாங்க மாமா பண்ணீங்க? எதுக்கு எந்திரிச்சீங்க?"

வாய் கோணியபடி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார். "மூட... துணி... போட."

கேமராவை மூடப் பார்த்திருக்கிறார். அது ஏற்கெனவே செத்துக்கிடந்தது அவருக்குத் தெரியாது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பிளக்கைப் பிடுங்கியதையும் சேர்த்து. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பக்கத்து உதடு மட்டும் விரிந்து சிரித்தார்.

"ஃபெக்டரில... எனக்குக் கண்ணாடி ரூமு," என்றார் கொஞ்சம் பொறுத்து. "எல்லாரையும்... பாத்துக்கிட்டே இருப்பேன்." மூச்சு வாங்கியது. "அவங்களுக்கு... எப்புடி இருந்திருக்கும்."

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அக்கா போனதும் மேலே போய்ப் பிளக்கைச் செருகிவிட்டு வந்தேன். ஒரு நிமிடத்தில் சுவரிலிருந்து மச்சானின் குரல்: "மறுபடி நின்னுச்சும்மா."

"நிக்கல மச்சான். நான்தான் புடுங்குனேன்."

இப்போது விட்டால் சொல்ல முடியாமல் போகும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மாமா விழுந்தது, துவாய், விறகுச் சந்து, எல்லாம்.

"நா இல்லாத எடத்துல அப்பா விழுந்துருக்காரு. இதுக்குத்தானே கேமரா!" என்று கத்தினார்.

"கேமரா இல்லாட்டி எந்திரிச்சிருக்க மாட்டாரு மச்சான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு வேற என்ன வழி இருக்கும்மா? என்னால வர முடியாது. விசா சரியாவுற வரைக்கும் இங்கயிருந்து வெளிய போனா திரும்ப வர ஏலாது. இந்தப் படந்தான் எனக்கு அப்பா," என்றார். அவர் கோடவுனில் யாரோ ட்ரொலி தள்ளிப்போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமாதான் முடிவு செய்தார். இடது கையின் விரல் ஒன்றைக் காட்டினார். "காலையில ஒரு மணி நேரம்... பின்னேரம் ஒரு மணி நேரம். மூஞ்சியப் பாத்துப் பேசு. அது போதும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் மாமாவுக்குச் சவரம் செய்து, சட்டை மாற்றி உட்கார வைக்கிறேன். இருவரும் முன்பைவிட அதிகம் பேசுகிறார்கள். புதிய பெட்டிகள் இரண்டும் போன வாரம் வந்துவிட்டன. பழையவற்றைக் கழற்றவில்லை, வயரில் நன்றாகத்தான் ஓடுகின்றன.

மற்ற நேரத்தில் கேமரா நின்றதால் மட்டும் நான் வெளியே போய்விட முடியவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் மாமாவைத் தனியே விட முடியாது. பாலர் பாடசாலையில் என் இடத்துக்கு வேறொரு பிள்ளை ரீச்சராக வந்துவிட்டாள். ஒரு வாரம் லீவு எடுத்து வரும்படி கணவரிடம் கேட்டேன். பதுளையில் இருக்கும் என் தங்கையைப் பார்த்து இரண்டு வருடமாகிறது, அவளுடன் நாலு நாள் இருந்துவிட்டு வருவேன் என்றேன்.

"சரி, கடையில கேட்டுப் பாக்குறேன்" என்றார். இன்னும் திகதி சொல்லவில்லை.