பத்தாம் பக்கத்தில் தொடங்கும் ஃபைல்

மின்சாரப் படம் வரைகிற தொழிலில் கோடு போடுவது சுலபம். போட்ட கோடு எந்தப் பக்கத்துக்குப் போனது என்று தேடுவதுதான் உயிரை வாங்கும். ஃபைலுக்குள் தலையை விட்டுப் பாதி ஆயுளைத் தொலைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும். எண்பதுகளில் ஏற்காடு கடைவீதியில், எஸ்டேட் மோட்டார்களுக்கு கண்ட்ரோல் பேனல் செய்யும் சின்னப் பட்டறையில் நான் படம் வரைந்தேன். இலக்கியம் படித்தவளை அங்கே சேர்த்தது என் கையெழுத்து. எதிலும் ஒரு குறை வரப்போகிறது என்றே எதிர்பார்க்கும் சுபாவம் எனக்கு. தொழிலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

ஏழே கால்

கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் பல்பருக்குப் புது பேனல். பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்க வேண்டும், விட்டால் புளித்துப்போகும். மெஷின் நின்றால் எலக்ட்ரீஷியன் படத்தைப் பார்த்து உடனே சரிசெய்தாக வேண்டும். நான் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு முடித்தபிறகு, ஒரு எச்சரிக்கை மணியும் வேண்டும் என்றார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே புதுப் பக்கம்! எட்டு ஒன்பதாகிவிட்டால், ‘தொடர்ச்சி எட்டில்’ என்று எழுதிய இடமெல்லாம் பொய்யாகிவிடும். பிளேடால் மையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பட்டறை முதலாளி எட்டிப் பார்த்தார்.

“எதுக்கு கண்ணு இத்தன பாடு? ஏழே கால்னு போட்டுட்டுப் போயேன்!”

நாலு பிள்ளைகள்

எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். மோட்டார்களுக்குப் பத்து முதல், ஓட்டி நிறுத்தும் சுவிட்சுகளுக்கு இருபது முதல், வெளியே தொட்டிப் பக்கம் உள்ளவற்றுக்கு முப்பது முதல், வயர் முனைகளுக்கு நாற்பது முதல். நடுவில் காலி எண்கள். நாளைக்கு எது வந்தாலும் இடம் இருக்கும். ஆனால் இருபதிலிருந்து நாலு பக்கத்துக்கும் ‘கண்ட்ரோல் சர்க்யூட்’ என்றே தலைப்பு வைத்திருந்தேன். எஸ்டேட் எலக்ட்ரீஷியன் செல்வராசு வந்து புரட்டினார், முகம் சுளித்தார்.

“ஏனுங்க, நாலு புள்ளைக்கும் ஒரே பேரு வெச்சுட்டா, எதைன்னு கூப்புடறதுங்க?”

அன்றே ஒவ்வொரு பக்கத்துக்கும் அது செய்கிற வேலையைப் பேராக எழுதினேன்.

முதல் ஒன்பது

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாணிக்கம் ஒழுங்குக்குப் பேர்போனவர். ஃபைலை வாங்கி எச்சில் தொட்டு எண்ணினார். பதினொரு தாள். முதல் தாளில் பத்து என்று இருந்தது. காப்பி நாற்றுக்கு நாற்று இடம் விட்டு நடுவதில்லையா, அதுபோல என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அதெல்லாஞ் செரிங்கம்மா, மொத ஒம்பது பக்கத்த யாருக்குங்க குடுத்தீங்க?”

முப்பதைக் காணோம்

அறுவடை உச்சத்தில் ஒருநாள் மதியம் போன் வந்தது. பல்பர் ஓடவில்லை. ஜீப்பில் போய் இறங்கினால், களத்தில் சிவப்புச் சிவப்பாகப் பழம் மலைபோல. கூடைகளோடு பெண்கள் காத்து நின்றார்கள். லேசாகப் புளிப்பு வாடைகூட வந்துவிட்டது.

“தொடர்ச்சி முப்பதில்னு போட்டிருக்குதுங்க. முப்பதே இல்லீங்களே, பதினொண்ணோட முடிஞ்சு போச்சு!” என்றார் செல்வராசு. ஃபைலைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளிலும் எண்ணும் பேரும் இருந்த மூலையை மூடி நறுவிசாக ஒரு வெள்ளைச் சீட்டு. ஒன்று முதல் பதினொன்று வரை. எல்லாவற்றின் கீழும் முத்து முத்தாக ‘கரண்டுப் படம்’. பக்கத்தில் மாணிக்கம் பெருமையோடு நின்றார்: “நொம்ப நம்பரு உட்டுப்போயிருந்துச்சுங்கம்மா. நாந்தான் செரி பண்ணி ஒட்டுனேன்.”

கோபப்பட நேரமில்லை. கைக்குட்டையை நனைத்துச் சீட்டுகளைத் தேய்த்தேன். எட்டின் அடியிலிருந்து முப்பது எழுந்து வந்தது: ‘தொட்டியில் தண்ணீர் இருந்தால் மட்டும் ஓடும்’. செல்வராசு ஒரே பார்வை பார்த்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினார். தொட்டி நிறையத் தண்ணீர். ஆனால் தண்ணீரோடு மேலே வரவேண்டிய மிதவை சுவிட்சு ஒரு சவுக்கு மரக் கிளையில் மாட்டி, தொட்டி காலி என்பதுபோலக் கீழேயே கிடந்தது. எடுத்துவிட்டதும் பல்பர் உறுமியது. பெண்கள் கூவிக்கொண்டு கூடைகளைக் கவிழ்த்தார்கள். செல்வராசு ஈரக் கையைத் துடைத்தபடி திரும்பி வந்து, ரைட்டர் மேசையிலிருந்த பசை பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பழம் முடியற மட்டும் இது எங்கிட்டயே இருக்கட்டுங்க, ரைட்டரய்யா!”

அதன்பிறகு நான் வரைந்த எல்லா ஃபைலிலும் ஒன்றாம் பக்கம் என்று ஒன்று உண்டு. ‘விட்டுப்போன எண்கள் வேண்டுமென்றே விட்டவை, தயவுசெய்து யாரும் உதவ வேண்டாம்’ என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இருக்காது.