என் லேப்டாப்பில் மட்டும் ஓடியது

விம்கோ நகரில் நண்பன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஆறு கணினிகள். ஆறிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடவைத்தது நான்தான். ஸ்கேன் செய்த பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கும் புரோகிராம் ஒன்றை அந்த லினக்ஸில் நேரே நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டித் தரும் தன்னார்வலனும் நானே. முந்தின நாள்தான் அதன் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தேன்.

மதியம் மூன்றரைக்கு போன்.

“மாமு, சாப்புடப் போனப்போ அப்டேட் உட்டேன். இப்போ உன் புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குது. இன்னா பண்ணி வெச்ச?”

“என் வூட்ல நல்லா ஓடுதே?”

“அப்போ இங்க நின்னுகினு கீறவங்களை எல்லாம் உன் வூட்டுக்கு இட்டுகினு வரவா?”

கல்லூரி விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப்பாக அனுப்ப அன்று ஐந்து மணியோடு கடைசி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாய்ந்தேன். வாசல்வரை வரிசை. முதலில் நின்ற பெண் சடையங்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“அண்ணா, ஆயிடுமா?”

“ஆயிடும்மா” என்றேன். எப்படி என்று தெரியாது.

திரையில் ஒரு வரிதான்: புரோகிராம் சார்ந்து ஓடும் லைப்ரரியில் தேவையான ஒரு பகுதி இல்லை. படித்ததும் காரணம் புரிந்தது. சில மாதம் முன்பு, ஆர்வக்கோளாறில், அந்த லைப்ரரியின் புதிய பதிப்பை நானே கம்பைல் செய்து என் லேப்டாப்பில் போட்டிருந்தேன். போட்டதையே மறந்து, புதிய பேக்கேஜை அதை வைத்தே கட்டிவிட்டேன். பேக்கேஜின் தேவைப் பட்டியலிலோ லைப்ரரியின் பழைய பதிப்பு எண்ணே நின்றது. பழையது போதும் என்று நம்பி ஆறு கணினிகளும் அப்டேட்டை ஏற்றுக்கொண்டன. எதுவும் நிறுவாத காலிச் சூழலில் கட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். அவசரத்தில் அதைத் தாண்டியிருந்தேன்.

“உன்னாண்ட கீற லைப்ரரிய இதுலயும் போட்டுடேன், நைனா. மணி நாலேகால்” என்றான் நண்பன், விஷயத்தைக் கேட்டதும்.

போட்டால் உடனே ஓடும். ஆனால் பழைய லைப்ரரியை நம்பியிருக்கும் மற்ற புரோகிராம்கள் என்ன ஆகும்? விண்ணப்பத்தை அனுப்பும் பிரவுசரே படுத்துவிட்டால்?

“வேணாம். பழைய பேக்கேஜுக்கே போயிடலாம்.”

அவன் கணினிகளில் பழையது அழிக்கப்பட்டிருந்தது. என் லேப்டாப்பில் கிடைத்தது. பென் டிரைவில் ஏற்றி முதல் கணினியில் நிறுவினேன். புரோகிராம் திறந்தது. பக்கங்கள் சேர்ந்தன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் ரசீதை இரண்டு முறை படித்தாள். அடுத்த கணினிக்கு நகர்ந்தேன்.

ஐந்துக்குள் வரிசை தீர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து புதிய பதிப்பைத் திரும்பப் பெற்றேன்; தவறு என்னுடையது என்று குழுவுக்கு எழுதினேன். பிறகு என் லேப்டாப்பிலிருந்த அந்த லைப்ரரியை அழித்துவிட்டு புரோகிராமின் புதிய பதிப்பை ஓட்டினேன். திறக்கவில்லை.

“இப்போ உன் வூட்லயும் ஓடலடா” என்றான் நண்பன்.