கதவுக்கு முதுகு காட்டியவர்

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் மூன்றாவது வார்டில் கஸ்பாரே லோ புர்கியோவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியும் என்று போலீசிடம் சொன்னவர்களும் இல்லை. மாஃபியாத் தலைவர் டான் நுன்சியோவுக்கு அடுத்த ஆள் அவர். டான் நினைப்பார், கஸ்பாரே நடத்துவார். எந்த மதுக்கடையில் யாருடைய, காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி நிற்க வேண்டும், காய்கறி மண்டியில் எவன் லாரி முதலில் இறங்க வேண்டும், சண்டை போட்ட பங்காளிகளில் யார் தணிந்து போக வேண்டும், எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் தீர்ப்பு.

அவரும் மண்டியில் பெட்டி தூக்கியவர்தான். வாலிபத்தில் ஒரு நாள், லாரிக்காரர்களின் மேஸ்திரி கஸ்பாரேயின் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். கஸ்பாரே பெட்டிப் பலகையை உருவி அவன் மண்டையைப் பிளந்துவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே நின்றார். சிறையிலிருந்து வெளியே வந்த அன்றே டான் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏண்டா ஓடல?"

"அடிச்சவன் நான். நான் எதுக்கு ஓடணும்?"

அந்த ஒரு பதில் அவருக்கு முப்பது வருஷம் சோறு போட்டது.

சும்மா போடவில்லை. பாட்டுப் பெட்டி வேண்டாம் என்ற மதுக்கடை பாஸ்தியானோவின் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். கஸ்பாரே கதவைத் தொடவில்லை. சாத்தச் சொன்னது அவர்தான். செய்தி வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அகாதா தட்டை மேசையில் வைத்த சத்தம் தெருவரை கேட்டது.

ஏரி உறைந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில் டான் அவரை மக்ரோனிக் கடையின் பின்னறைக்கு அழைத்தார். அகாதாவின் தம்பி சாரோ அரசாங்க ஆட்களோடு பேசுகிறான் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள். டான் வால்நட்டை உடைத்துக்கொண்டே சொன்னார்.

"உன் மச்சானுக்கு வாய் நீண்டுபோச்சு. நீயே முடிச்சிடு. வெளியாள் செஞ்சா உனக்குத்தான் கேவலம்."

"முடியாது."

"என்ன சொன்னே?"

"உங்க காது நல்லாத்தானே இருக்கு. முடியாதுன்னேன்."

"இத்தனை வருஷத்துல நீ இப்படிச் சொன்னதில்லையே."

"நீங்களும் என் வீட்டு ஆளைக் கேட்டதில்லையே."

"பேச்சை மீறினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அன்றே சாரோவைக் கலிபோர்னியா ரயிலில் ஏற்றினார். அவன் அழுதான். "மச்சான், சத்தியமா நான் யார்கிட்டயும்..."

"வாயை மூடு. பேசினியா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா மனசு மாறினாலும் மாறிடும். ஏறு."

மறுநாள் காலையில் வழக்கமான காப்பிக் கடைக்குப் போனார். அவரைப் போன்றவர்கள் முதுகைச் சுவரில் வைத்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். கஸ்பாரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தினமும் அப்படியே. கடைக்காரர் ப்ரோவென்சானோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அண்ணே, வேற எடத்துல உட்காருங்க. உங்களுக்கு எதிர்ல இருக்கற சுவருக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"பயப்படாதே. எனக்கு உடம்பு தடிமன். குண்டு சுவர் வரைக்கும் போகாது."

அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் அங்கேயே வந்தார்கள். தெரிந்ததைச் சொன்னால் புது ஊர், புதுப் பெயர், பாதுகாப்பு எல்லாம் தருகிறோம் என்றார்கள்.

"எங்கப்பன் வச்ச பேரு எனக்குப் போதும். வந்ததுக்கு என் காப்பிக்கும் சேர்த்துக் குடுத்துட்டுப் போங்க."

குண்டு வரவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவனைச் சுட்டால், டான் பயந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அதனால் டான் வேறு வழி பார்த்தார். பாட்டுப் பெட்டிகள் போயின, மண்டி அதிகாரம் போயிற்று. அவரோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. கஸ்பாரே மண்டியின் ஓரத்தில் ஒரு காய்கறிக் கடை போட்டார். யாரும் வரவில்லை. அகாதா தராசுக்குப் பக்கத்தில் நின்று, டானின் ஜன்னல்வரை கேட்கும்படி தினமும் விலை கூவினாள். மிஞ்சிய காயை இருவரும் தின்றே தீர்த்தார்கள்.

முதலில் வந்த ஆள் பாஸ்தியானோ. கோணிப்போன விரல்களால் ஒரு கத்திரிக்காயை எடுத்துப் பார்த்தான்.

"அன்னிக்கு உங்களுக்குப் பயந்து பெட்டி வாங்கினேன். இன்னிக்கு அவருக்குப் பயந்து கத்திரிக்காய் வாங்காம இருக்க மாட்டேன். அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல. அந்தக் கை..."

"கையைப் பத்தி நீங்க பேச வேணாம். காயை நிறுங்க."

கஸ்பாரே குனிந்து நிறுத்தார். அவர் காது மடல் சிவந்ததை அகாதா பார்த்தாள். பார்க்காததுபோல் அடுத்த கூடைக்குத் தண்ணீர் தெளித்தாள். பாஸ்தியானோ வாங்கிப் போனதைத் தெருவே பார்த்தது. அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

சில வருஷம் கழித்து டான் பக்கவாதத்தில் போனார். அடக்கத்தன்று மாதா கோவில் வாசலில் டானின் அக்கா மகன், அடுத்த தலைவர் ஆகப்போகிறவன், கையை நீட்டி மறித்தான்.

"உங்களுக்கு இங்க எடமில்ல."

"இது கோவில், தம்பி. உங்க மாமா மண்டி இல்ல."

அகாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியே நடந்தார். டானின் விதவை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். பூசை முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் புதுத் தலைவனின் கையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். கஸ்பாரே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையின் பக்கமாகவே, அவசரப்படாமல், தெருவுக்கு இறங்கினார்.