கிணறு என்று எழுதிய பாட்டில்

என் அப்பா கணேசமூர்த்தி மலேசியாவில் தம்பின் ஊருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டினார். ஓய்வு பெற்றபின் ஞாயிறு காலைகளில் பாசார் சந்தைக்குப் போய் இறால் தோல் சேகரித்தார்.

"என்னண்ணே, தோல் மட்டும் போதுமா? வீட்டுல எத்தனை பூனை?" என்பார் மீன்கடை சித்திக்.

"ஒண்ணுதான்லா. சிரம்பான்ல, லேப்ல வேலை செய்யுது."

அந்தப் பூனை நான். இறால் தோலிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை மின்முனைமேல் மெல்லிய படலமாகப் பூசி நீரில் வைப்போம். நீரில் ஈயம் இருந்தால் கணினித் திரையில் ஓடும் கோட்டில் ஒரு முகடு எழும். அப்பா தந்த தோலில்தான் இந்த ஈய உணரிகளைச் செய்தேன்.

வீட்டில் பைப் இருந்தும் அவர் கிணற்று நீரைத்தான் குடித்தார். பைப்புத் தண்ணீரில் தேத்தூள் போட்டால் மருந்து வாடையாம். கிணற்றுக்கு மேட்டில் பழைய லோரி பேட்டரி உடைக்கும் பட்டறை ஒன்று வந்தது. பேட்டரி ஈயம் கிணற்றில் இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு பாட்டில் கிணற்று நீர் கேட்டேன்.

மாதிரியைச் சோதிப்பவரே எடுக்க வேண்டும் என்பது முதல் விதி. எனக்கு நேரமில்லை. மறுநாளே அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். பாட்டிலில் 'கிணறு' என்று எழுதி ஒட்டியிருந்தார். முகடு எழவில்லை.

"சுத்தமா இருக்குப்பா. குடிங்க."

"நான்தான் சொன்னேன்ல!"

இரண்டு வருடம் குடித்தார். சென்ற மாதம் சிறுநீரகம் நின்று இறந்தார். இரத்தத்தில் ஈயம். சர்க்கரையும் இருந்ததால் எது கொன்றது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று பக்கத்து வீட்டு ரதி அக்கா அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொன்னார்.

"உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி சவுக்காரம் போட்டு மூணு தடவ கழுவினாரும்மா. அப்புறம் பைப்புல பிடிச்சாரு. என்ன மாமா, கிணறுன்னு எழுதிட்டு பைப்புல பிடிக்கிறீங்கன்னு கேட்டேன். 'கிணத்துல பாசியா இருக்கு. மக வேலை செய்யற எடம், நாலு பேர் பாப்பாங்க. அசிங்கமா குடுக்கலாமா'ன்னாரு."

கிணற்றில் நானே இறைத்தேன். மறுநாள் லேப்பில் உணரியை வைத்தேன். முகடு பாதுகாப்பு வரம்புக் கோட்டைத் தாண்டிப் போனது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே.

குளிர்பெட்டியில் அவர் கடைசியாகக் கொண்டுவந்த தோல் இரண்டு பை இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.